காப்புக் கட்டிய வாரம்

கோபத்தை ஒரே வாரத்தில் விட்டுவிடலாம் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அப்போது ஜொகூரில், கூலாயிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். சிங்கப்பூருக்குக் கடற்பாலம் இன்னும் வரவில்லை. ஜொகூர் பாரு வரை ரயில், அங்கிருந்து படகு. இங்கிலீஷ் படித்தவன், துரையின் பக்கத்தில் நின்று பேசுகிறவன் என்ற நினைப்பு என் சப்பாத்து வரை இறங்கியிருந்தது.

ஒரு மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை என்று சோற்றுத் தட்டை எறிந்தேன். சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன் என்று பல வருஷங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். என் மனைவியைப் பார்த்துத்தான் எறிந்தேன். தட்டின் விளிம்பு அவள் இடது புருவத்துக்கு மேலே பட்டது. அவள் அழவில்லை. முந்தானையால் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் சிந்திய சோற்றைக் கூட்டிக் கோழிகளுக்குப் போட்டாள். மறுநாள் காலையில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் வீடு ஒன்றும் தூரமில்லை. எங்கள் தோட்டத்தின் எல்லையில் ஓர் ஓடை. அதைத் தாண்டினால் அவர் வேலை செய்த தோட்டம். இரண்டு தோட்டங்களுக்கும் அரிசி கொண்டுவரும் மாட்டு வண்டிக்காரரிடம் அவள் சொல்லியனுப்பியிருந்தாள்: "இந்தக் கோவத்த விட்டுட்டேன்னு அவருக்கே தோணுனா வந்து கூப்பிடச் சொல்லுங்க. வர்றேன்."

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் எல்லாவற்றையும் செய்தேன்.

பங்குனி மாதம். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம். மற்ற நாட்களில் நடுப்பகலிலும் இருட்டிக் கிடக்கும் காடு அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் திறந்துகொள்ளும். செம்பு நிற இலைகள் காற்றில்லாமலே இறங்கும். தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதித் திருவிழா வருவதும் அப்போதுதான். அதுவரை லயத்து வீடுகளில் இருந்த கூலியாட்கள் தீ மிதிப்பதை ஓரமாக நின்று பார்த்துச் சிரித்தவன் நான். அந்த வருஷம் போய்ப் பூசாரியின் முன்னால் கையை நீட்டினேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மஞ்சள் கிழங்கைக் கோத்த நூலை என் வலது மணிக்கட்டில் கட்டினார்.

"ஒரு வேளைச் சாப்பாடு, தரையில படுக்கை, காலுல செருப்பு ஆகாது. சாவு வீட்டு ஆளுங்க இந்த எல்லைக்குள்ள வரக் கூடாது. நீங்களும் காப்போட எல்லையத் தாண்டக் கூடாது, ஐயா."

இவை அவர் சொன்னவை. என் பங்குக்கு நானும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டேன். யாரையும் அதட்டுவதில்லை. வீட்டுத் தண்ணீரை நானே சுமப்பது. நான் ஏசியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்த் தவறு என் மேல்தான் என்று சொல்வது.

முதல் நாள் விடியலில் வெறுங்காலோடு பெரட்டுக்குப் போய் ஆட்களைப் பெயர் கூப்பிட்டேன். பனியில் ஒரே அமைதி. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அலமாக்! கிராணி ஐயா இவ்ளோ மெதுவாப் பேசுறாரே. இன்னைக்கு யாரு சீட்டக் கிழிக்கப் போறாரோ?"

"சும்மா இருடி. அவரு காலப் பாத்தியா? வேக வச்ச மரவள்ளிக் கிழங்கு மாதிரி வெள்ளையா இருக்கு. தீயில வச்சா மாவாயிரும் லா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதுவரை சூடு ஏறியது. ஆனால் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே புதிதாக இருந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பசி முதலில் வயிற்றில் இருந்தது, பிறகு கண்ணுக்கு வந்தது. மரங்களின் வெள்ளைப் பட்டை தானே ஒளிர்வது போலத் தெரிந்தது. கோப்பையில் பால் சொட்டும் சத்தம் காட்டின் மறுமுனையிலிருந்து கேட்பது போல இருந்தது. தரையில் படுத்தால் உடம்பு கொஞ்சம் மேலே மிதந்தது. உதிர்ந்த இலைகள்மேல் வெறுங்காலோடு நடந்தபோது, நடப்பது வேறு யாரோ, அவன் நல்லவன், அவனை என் மனைவிக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நல்லவன்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. என் தவறு அங்கேதான் தொடங்கியது.

வாரத்தின் நடுவில், என்னோடு காப்புக் கட்டிய ஒருவருடைய பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். வெளியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். அவர் கோயிலுக்கு வந்து அம்மனைக் கும்பிட்டார். பூசாரி அவர் காப்பை அவிழ்த்துச் சூலத்தில் கட்டினார். "போய்ட்டு வாப்பா. அடுத்த வருசம் மிதிச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். பாவம், இவரால் முடியவில்லை என்று மனதுக்குள் நினைத்தேன். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

தீமிதிக்கு முந்தின நாள் மாலை வண்டிக்காரர் ஓடி வந்தார்.

"ஐயா, அம்மா ஓடைக்கிட்ட நிக்கிறாங்க. உங்களக் கூட்டியாரச் சொன்னாங்க."

"உள்ளே வரச் சொல்லலாமே?"

"எப்படிங்க வருவாங்க? அவங்க அண்ணன் புள்ள காய்ச்சல்ல போயிருச்சு. தீட்டு இன்னும் கழியல."

நான் போனேன். வெயில் சாய்ந்து, இலையில்லாத கிளைகளின் வழியாக மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. ஓடை நிறையச் சிவப்பு இலைகள், தண்ணீரே தெரியாதபடி. அவள் அந்தக் கரையில் நின்றாள். நான் இந்தக் கரையில். புருவத்துக்கு மேலே இருந்த காயம் ஆறி, ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

"விரதம்" என்றேன். என் குரல் அவ்வளவு சாந்தமாக வந்தது. அதைக் கேட்க எனக்கே நன்றாக இருந்தது.

"அண்ணி இந்த மண்ணுல இருக்க மாட்டேங்கறாங்க. புள்ளையப் பொதச்ச எடத்தப் பாத்துப் பாத்து அழுவுறாங்க. எல்லாரும் ஊருக்குப் போறோம். நாளைக்குக் காலைல ரயிலு. சிங்கப்பூர்ல கப்பல்."

"நீயுமா?"

"அதக் கேக்கத்தான் வந்தேன். நீங்க இப்ப வந்து, 'எம் பொண்டாட்டிய நான் வச்சுக்கிறேன்'னு அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. தீட்டு கழியிற வரைக்கும் அங்கயே பக்கத்து வீட்டுல இருந்துக்கிறேன். அப்புறம் வர்றேன்."

நான் என் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"நாளைக்குச் சாயங்காலம் தீமிதி. அது முடிஞ்சதும் வந்துடறேன். ஒரு நாள்தான்."

"கப்பல் ஒரு நாள் நிக்குமா?"

"இத்தனை நாள் இருந்தது வீணாப் போயிடும். உனக்காகத்தானே கட்டினேன்?"

"எனக்காகன்னா, எனக்காக அவுத்துட்டு வாங்களேன்."

தூக்கிய கையைக் கீழே இறக்கிக்கொண்டேன். காப்பை அவிழ்த்தவரைப் பற்றி எனக்குத் தெரியும். பூசாரி என்ன சொல்லுவார் என்றும் தெரியும். அம்மனுக்குப் பயந்து நான் நிற்கவில்லை. மறுநாள் பெரட்டில் அந்தப் பெண்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கிராணியால் முடியவில்லை. ஒரு வாரம்கூட முடியவில்லை. அந்தப் பேச்சுத்தான் என் காலைப் பிடித்தது.

அவள் சிரித்தாள். கேலியாக அல்ல. குழந்தை ஏதோ தப்பாகச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி.

"தீயத் தாண்டுவீங்க. இந்த முழங்கால் தண்ணியத் தாண்ட மாட்டீங்க."

"கோபமா?"

"கோவம் எனக்கு எங்க வந்துச்சு? ஒடம்பப் பாத்துக்குங்க. மொத நாளே நெறையச் சாப்பிடாதீங்க, வயித்த வலிக்கும்."

திரும்பி நடந்தாள். மரங்களுக்கு இடையில் அவள் சேலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் குரலை உயர்த்தவே இல்லை.

மறுநாள் தீ மிதித்தேன். தணல் ரோஜாப் பூ நிறத்தில் இருந்தது. பறைச் சத்தத்தில் தலை சுற்றியது. அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் கால் வைத்தபோதுதான் தாண்டிவிட்டேன் என்று தெரிந்தது. பாதத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. என்னை மரவள்ளிக் கிழங்கு என்ற பெண் முன்னால் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த நேரத்தில் என் மனைவி ஏறிய ரயில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

அன்றிரவே காப்பை அவிழ்த்து, மறுநாள் காலையில் ஓடையைத் தாண்டி அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே தரை பெருக்கி, சாணம் மெழுகி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்துக் காலைல வரைக்கும் அது வாசல்லயே நின்னுச்சுங்க ஐயா. அண்ணன் ரெண்டு தடவ அதட்டுன பொறகுதான் வண்டியில ஏறுச்சு. வந்துருக்கலாம்ல?"

ஜொகூர் பாருவுக்குப் போய் விசாரித்தேன். சிங்கப்பூரிலிருந்து கப்பல் போயிருந்தது. பிறகு ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினேன், ஒரு முறை அல்ல. "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க" என்று மட்டும் பதில் வந்தது. அவள் செய்தது சரிதான். நானே போய் அழைத்திருக்கலாம். அதற்கும் ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது.

கோபம் உண்மையாகவே போய்விட்டது. யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு நான் ஒரு தட்டைக்கூட ஓசைப்பட வைத்ததில்லை. தனியாகச் சமைத்து, உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டுக் கிழவனாகிவிட்டேன். லயத்து ஆட்கள் என்னை நல்ல மனுஷர் என்றார்கள். அதைக் கேட்க வேண்டியவள் கேட்கவில்லை.

அவள் அண்ணன் வீட்டுக்குப் போன அந்தக் காலையில் ஓடையில் இறங்கியதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பனி விலகவில்லை. சிவப்பு இலைகள் தண்ணீரோடு மெல்லப் போய்க்கொண்டிருந்தன. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஆழம் தெரியாமல், மெதுவாகக் காலை வைத்தேன். நடு ஓடையில் நின்று குனிந்து பார்த்தேன். முழங்கால் தண்ணீர் என்று அவள் சொல்லியிருந்தாள். அவ்வளவுகூட இல்லை.