அக்காவின் பெயரில் பெரட்டு

என் பிறப்பை யாரும் பதியவில்லை. எனக்கு முன்னால் பிறந்த அக்காவின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தது. அவள் பத்து மாதக் குழந்தையாகக் காய்ச்சலில் இறந்துபோனாள். அந்தச் சாவையும் யாரும் பதியவில்லை.

அக்கா பிறந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு முடிந்தவர்களைத்தான் வேலைக்குப் பதிந்தார்கள். எனக்குப் பதினாறு. அப்பா அக்காவின் காகிதத்தை ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தார்.

"நாளையிலேருந்து பெரட்டுல அக்கா பேரத்தான் கூப்பிடுவாங்க. 'வந்திருக்கேன்'னு சொல்லிரு" என்றார்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அது ஆனி மாதம், திங்கட்கிழமை. மலைக்குப் போவதற்கு முன் எல்லாரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். அதுதான் பெரட்டு. பனி அப்படி இறங்கியிருந்தது. முன்னால் நின்றவளின் கூடை தெரிந்தது, தலை தெரியவில்லை. கணக்கப்பிள்ளை அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். அது என்னைத்தான் என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "வந்திருக்கேன்" என்றது. சின்னப் பெண்ணின் குரல். கணக்கப்பிள்ளை குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தேன். நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் தேயிலையும் பனியும்தான் இருந்தன.

செவ்வாயும் புதனும் அதேபோல் நடந்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சிநேகிதி என் இடுப்பில் இடித்தாள்.

"ஏய், வாய அசைக்காமயே பேசுற! ஒனக்கு ரெண்டு தொண்டையாடி?"

"நான் பேசல."

"அப்பறம் யாரு, ஒங்க அக்காவா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். சொன்ன பிறகு அவளே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்று முழுக்க என்னைவிட்டுத் தள்ளி நின்றே கொழுந்து எடுத்தாள்.

எனக்குப் பேய் பயம் அவ்வளவாக இல்லை. பயம் வேறு. கூப்பிடுவது அவள் பெயரை, பதில் சொல்வதும் அவள்தான் என்றால், அந்தக் களத்தில் நின்றுகொண்டிருந்த நான் யார்? நான் பிறந்ததற்கு ஒரு தேதி கூட இல்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"தேதியெல்லாம் யாருக்குத் தெரியும்? ஏழாம் நம்பர் மலையில கவ்வாத்து வெட்டுனாங்க. மறுநா நீ பொறந்த" என்றாள். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டுவது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். எனக்கு அது போதும்.

ஆபீசில் இருந்த கிளாக்கர் ஐயா பழைய பெரட்டுப் புத்தகங்களைப் பார்க்க விட்டார். "பாத்துட்டு அதே எடத்துல வச்சிரணும் பிள்ள. கரப்பான் இருந்தா அதையும் அங்கயே வச்சிரு" என்றார். கவ்வாத்து நடந்த வருடத்தையும் மாதத்தையும் அவரே சொன்னார். மாசி மாதப் பக்கத்தில் அம்மாவின் வரி அகப்பட்டது. புதன்கிழமை வரை அடையாளம் இருந்தது. நிறைமாத வயிற்றோடு அவள் மலையில் நின்றிருக்கிறாள். வியாழனிலிருந்து வரிசையாக வெற்றுக் கட்டங்கள். முதல் வெற்றுக் கட்டம் நான். அந்தத் தேதியை இங்கே எழுதப் போவதில்லை. அவ்வளவு தேடி எடுத்தது, என்னிடமே இருக்கட்டும்.

அதற்கு இரண்டு வருடம் முந்திய புத்தகத்தையும் புரட்டினேன். அக்கா செத்த மாதத்தில் அம்மாவின் வரியில் ஒரே ஒரு கட்டம்தான் வெறுமையாக இருந்தது. மறுநாள் அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தேன். மழைக்காலத்து ஆபீஸ், எல்லாத் தாள்களும் சில்லென்றிருந்தன. அந்த இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் பனி இன்னும் கனமாக இருந்தது. அவள் பெயரைக் கூப்பிட்ட மாத்திரத்தில், "வந்திருக்கேன்" என்று கத்தினேன். களமே சிரித்தது. "காது இருக்கு தாயி" என்றார் கணக்கப்பிள்ளை. பின்னாலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. நான் வீட்டுக்கு வந்து, ஒரு கொப்பியில் என் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதினேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் நாள் போட்டு எழுதுவது பழக்கமாகிவிட்டது.

அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் அவள் பெயரிலேயே வளர்ந்தன. போன தை மாதம் காகிதப்படி அறுபது ஆனது. தோட்டத்தில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். பேசியவர்கள் அவள் பெயரைச் சொல்லி, அவளுடைய உழைப்பைப் புகழ்ந்தார்கள். பத்து மாதத்தில் போனவளுக்கு அறுபது வயதாகி, ஓய்வும் கிடைத்துவிட்டது. ஓய்வு பெற்றது அவள்தான். எனக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கும்.

போன வாரம் டவுனில் ஒரு புடவைக்கடை மாடியில் தையல் வகுப்பில் சேர்ந்தேன். கடைக்கார முஸ்லிம் நானாவின் மகள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். அடையாள அட்டை கேட்கவில்லை. படிவத்தில் என் சொந்தப் பெயரை எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

"வயசு?" என்றாள்.

"ஐம்பத்தெட்டு."

"மெய்யாவா? கண்ணாடி இல்லாம ஊசி கோப்பீங்களா?"

ஊசியை வாங்கி, ஜன்னல் பக்கமாகத் திரும்பி, முதல் தடவையிலேயே கோத்துக் கொடுத்தேன்.