படியில் நின்ற பட்டறைக்காரர்

பட்டறைக்காரர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் அவர் அடித்த இரும்பு கேட் ஒன்றாவது இன்றுவரை சாய்ந்து தொங்கியிருக்கிறதா? யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வெல்டிங் கடையில் கூட்டிப் பெருக்க நுழைந்தவர், சொந்தப் பட்டறை போட்டார், வீடு கட்டினார், பத்துக் குடும்பத்துக்குச் சோறு போட்டார். எல்லாம் எவன் வாசலிலும் போய் நிற்காமல்.

அந்த வெல்டிங் புகைதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. குளிர்காலத்தில் சொந்த ஊரில் இருக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வெயிலுள்ள ஊரில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தனியாக வந்து சேர்ந்தார். மனைவியால் பேரப்பிள்ளையை விட்டு வர முடியவில்லை.

வந்த வாரமே ஜன்னல் கொக்கி, ஒழுகும் குழாய், ஆடும் கட்டில் கால் எல்லாவற்றையும் சரிபண்ணிவிட்டார். அப்புறம் கைக்கு வேலை இல்லை. மகனுக்குப் போன் போட்டால், "எல்லாம் நல்லாப் போகுதுப்பா, நீங்க கவலைப்படாதீங்க" என்பான். நல்ல செய்திதான். போனை வைத்த பிறகு ஏனோ சோறு இறங்காது. பேச்சுத் துணைக்குச் சுவர்தான்.

கீழ் அறையில் சாயங்காலமானால் பாட்டு. ரேடியோ இல்லை, நடுவில் நிறுத்திச் சிரிப்பார்கள், விட்ட இடத்தைப் பிடித்து மறுபடி தொடங்குவார்கள். ஓய்வு பெற்ற நர்சம்மா பாடுவார், ஒரு தையல்காரர் வயலின் வாசிப்பார், ஒரு பஸ் டிரைவர் பிஸ்கட் டின்னைத் தட்டுவார். அவர்களும் குளிருக்கு ஒதுங்கி வந்தவர்களே. நம்மவர் பாதிப் படி இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்பார். அவர் நின்றதுதான் தாமதம், அந்த அறையின் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். சுருக்கென்று தைக்கும். விறுவிறுவென்று மேலே ஏறிவிடுவார். மறுநாள் கால் தானாக இறங்கும்.

"கதவைத் தட்டினா கையா தேஞ்சுடும்?" என்று மனைவி போனில் கேட்டாள்.

"கூப்பிடாத இடத்துக்கு நான் போனதாச் சரித்திரமே இல்லடி."

"அப்போ அந்தச் சரித்திரத்தையே மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருங்க."

குளிர்காலம் முழுக்க அதைத்தான் செய்தார். ஒருநாள், நர்சம்மா பாட்டின் உச்சிக்கு ஏறிய நேரம் பார்த்து ஜன்னல் சாத்திக்கொண்டது. ஏறியவர் எப்படி இறங்கினார் என்று தெரியாமல் பட்டறைக்காரரால் திரும்ப முடியவில்லை. போய்க் கதவைத் தட்டிவிட்டார்.

கதவைத் திறந்த நர்சம்மா பதறிப்போனார். "மன்னிச்சுக்குங்க ஐயா, இன்னும் மெதுவா வாசிக்கிறோம்."

"எதுக்கு?"

"தினமும் படியில நின்னு முறைக்கிறீங்களே. சத்தம் தொந்தரவுன்னுதானே ஜன்னலைச் சாத்தறோம்."

"முறைக்கலைம்மா. என் மூஞ்சியே அப்படித்தான். கேக்கத்தான் வந்தேன்."

டிரைவர் டின்னைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அடப்பாவமே! வீட்டுக்காரர்கிட்ட கோள் சொல்ற ஆளுன்னு நாங்க பயந்து கிடந்தோம். உள்ள வாங்கண்ணே!"

கட்டில் ஓரத்தில் இடம் ஒதுக்கினார்கள். எங்கே உட்கார்ந்தாலும் பட்டறைக் கதையை எடுத்துவிடுகிறவர் அன்றும் வாயைத் திறந்தார். வயலின் முந்திக்கொண்டது. பாட்டு முடிந்தபோது, பழைய வெல்டிங் கண், அடிக்கடி தண்ணி விடும் என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்றார் தையல்காரர், வில்லைத் துடைத்தபடி. "குளிர் விட்டுடுச்சே. ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் கிளம்பறோம்."



"அதுவரைக்கும் தினமும் வரலாமா?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.