மழை பெய்யும் மாதம்

கோவில்பட்டியில் நான் நடத்தும் டிராவல்ஸில், அலாஸ்காவுக்குப் போகும் சொகுசுக் கப்பலைக் கேட்டு வந்த ஒரே ஆள் அவர்தான். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. பேச்சின் நடுவே எழுந்து வாசலுக்குப் போய், வானத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார். மேகம் கூடினால் மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சி காயாது. அந்தத் தொழிலில் இருப்பவர்களின் பழக்கம் அது.

அதனால் மழை குறைந்த மாதத்துக் கப்பலாகப் பார்த்துத் திரையில் காட்டினேன்.

"மழை பெய்யுத மாசமாப் பாருங்க தம்பி," என்றார்.

"மழையில பனிமலை ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி."

"தெரியாட்டிப் போகுது." திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுச் சொன்னார். "தூறல் விழுந்தாலே என் வீட்டுக்காரி ஓடிப்போய் சன்னலைச் சாத்துவா. ஆஸ்பத்திரியில அவளோட கடைசி நாள்ல மழை பெய்யும்போது, 'இன்னைக்காவது தொறந்து வைங்க, எனக்கு மழைன்னா உசுரு'ன்னா. மழையைக் கண்டா எனக்குக் கோவம் வருமேன்னுதான் அவ்வளவு காலமும் சாத்தியிருக்கா. அன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அங்கே மழை அதிகமுள்ள செப்டம்பர் மாதக் கப்பலில் பெரிய சன்னல் உள்ள அறையாகப் பதிவு செய்தேன். அவர் வாசலில் இறங்கும்போது தூறல் விழுந்தது. உடனே போனை எடுத்தார். "குச்சியை உள்ள அள்ளாம என்ன செய்யுதீங்க?" என்று அதட்டினார். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, வெகுநேரம் நனைந்தபடியே நின்றார்.

போய்வந்த பிறகு அவரை நான் பார்க்கவில்லை. நனைவதற்குக் குச்சி இல்லாத மழையை, அந்தச் சன்னலில் அவர் எப்படிப் பார்த்தாரோ.