ஒருநாள் விட்டு ஒருநாள்

நொய்யற்கரையில் கோயில் கொண்ட பெருமானே, இவ்வெழுத்தில் நான் எனக்காக வாதாடிவிடாதபடி என் கையைப் பிடித்துக்கொள்வாயாக.

இன்று ஆடிப் பதினெட்டு. நீரை வணங்கும் நன்னாள். கோவையில் வக்கீலாக இருந்து, பின்பு மோட்டார் பம்பு செய்யும் பட்டறை வைத்தவன் நான். ஆண்டுதோறும் இந்நாளில் ஒரு கிணறு என் நினைவுக்கு வருகிறது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், தாராபுரம் பக்கத்து அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினைக்காக வழக்காடினார்கள். நான் அண்ணனின் வக்கீல். நிலம் எளிதில் பிரிந்தது. கிணறு ஒன்றே ஒன்று. அதைப் பிரிக்க வழியில்லை. இருவரையும் இசையவைத்து ராஜி மனுவை நானே எழுதினேன். ஒருநாள் அண்ணன் இறைப்பது, மறுநாள் தம்பி இறைப்பது, அவர்கள் சந்ததியும் அவ்வாறே. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நீதிபதி அதையே தீர்ப்பாக்கினார். அன்று மாலை பூசையறையில் பதிகம் ஓதியபோது என் குரலில் பக்தியைவிடப் பெருமிதமே மிகுந்திருந்தது.

அந்நாளில் கவலை கட்டித்தான் இறைப்பார்கள். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி, தோல்பையில் நீரை மேலே இழுக்கும். உச்சிப்பொழுதுக்குள் அவை களைத்துவிடும். கிணற்றில் பாதி நீர் மிஞ்சும். விடிவதற்குள் ஊற்று மீதியை நிரப்பிவிடும். மாட்டின் களைப்புத்தான் அந்த ஒப்பந்தத்தின் எழுதப்படாத நிபந்தனை என்பது எனக்கு உறைக்கவில்லை.

சில ஆண்டுகளில் நீதிமன்றத்தை விட்டுவிட்டுக் கோவையை அடுத்த கணபதியில் பட்டறை தொடங்கினேன். பிறர் சண்டையில் பிழைப்பதைவிடப் பயிருக்கு நீர் தருவது புண்ணியம் என்று வீட்டில் சொன்னேன், நம்பியே சொன்னேன். ஊருக்கு மின்கம்பி வந்ததும் அந்த அண்ணன் என்னைத் தேடி வந்தார்.

“ஏனுங்க வக்கீலய்யா, கோர்ட்டுல வாயில எறச்சீங்க, இப்ப இரும்புல எறைக்கறீங்களாட்ட இருக்குது!”

“வாய் ஓஞ்சு போச்சுங்க” என்றேன்.

“அப்ப எனக்கொரு மோட்டாரு குடுங்க. மாட்டை வித்துப்போடறேன்.”

வாங்கியதோடு நில்லாமல், தம் ஊரிலிருந்து மேலும் நால்வரை அழைத்து வந்தார்.

அடுத்த ஆண்டு தம்பி வந்தார். பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

“ஏனுங்க, அந்தக் காயிதத்தைச் சித்தெ மாத்தி எழுதித் தர முடியுங்களா?”

“என்ன ஆச்சுங்க?”

“அண்ணன் அவிய மொறையில விடிய விடிய மோட்டாரைப் போட்டா, அடிப்பாறை தெரியற வரைக்கும் உறிஞ்சிப்போடுதுங்க. மறுநா எம்பட மொறைக்கு மாட்டைப் பூட்டுனா பையில சேறுதானுங்க ஏறுது. பருத்தி கருகுது. கேட்டா, ‘வக்கீல் எழுதுனபடிதானே எறைக்கறேன்’ங்கறாரு. நீங்க கூப்புட்டு ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாருங்க.”

கேட்டிருப்பார், அது எனக்குத் தெரியும். பாதிக் கிணற்றுக்குமேல் இறைக்கலாகாது என்று ஒன்றரை வரி சேர்த்தால் போதும். ஆனால் அண்ணன் மனம் கசந்தால் அவ்வூர்க்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள் என்று அஞ்சினேன்.

“இப்ப நான் வக்கீல் இல்லீங்களே” என்றேன். உண்மைதான்; ஒளிந்துகொள்வதற்கு ஒரு பொய்யைப்போல அது எனக்குப் பயன்பட்டது. பிறகு, “நீங்களும் ஒரு மோட்டார் போட்டுக்கலாமே” என்றும் சொன்னேன்.

அவர் சிரித்தார். “வறண்ட கெணத்துக்கு எதுக்குங்க? உங்க மோட்டாரு காத்தை எறைக்குமுங்களா? சரிங்க, வாரேன்.”

தம் பங்கு நிலத்தில் அவர் புதுக்கிணறு தோண்டலானார். சில ஆள் ஆழத்திலேயே பாறை வந்தது. வேட்டு வைத்து உடைத்தார்கள். ஒருநாள் காலை ஒரு வேட்டு வெடிக்கவில்லை. திரி அணைந்துவிட்டதென்று எண்ணி அவரே இறங்கினார். அது அணையவில்லை.

செய்தி கேட்டு அவ்வூருக்குப் போனேன். பாயில் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி அழுகை ஓய்ந்து அருகில் உட்கார்ந்திருந்தாள். குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. அன்று அண்ணனின் முறை. விடியற்காலையிலேயே மோட்டாரைப் போட்டுக் கிணற்றை வற்ற இறைத்திருந்தார். அவரே அயலார் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் நீர் முகந்து, தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

“தம்பி உங்களைப் பாக்க வந்தானாமுங்க. ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியுட்டிருந்தா நான் நிறுத்தியிருப்பனுங்களே.”

குடம் ததும்பி அவர் சட்டை நனைந்திருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணனையும் அந்த அம்மாளையும் வைத்து அந்த ஒன்றரை வரியை எழுதினேன். அவர் கையொப்பமிட்டார், அவள் கைநாட்டு வைத்தாள். எழுதி முடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகும் பல்லாண்டு மோட்டார் செய்தேன், செழித்தேன். பதிகம் ஓதாத நாளில்லை. ஆயினும் ஓதத் தொடங்கும்போதெல்லாம், பட்டறை வாசலில் அந்தத் தம்பி இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

இதனைப் படிப்போர் அனைவரின் கிணற்றிலும் ஊற்று வற்றாதிருக்கட்டும். உங்கள் வாசலுக்கு ஒருவர் வந்து நிற்கும்போது, அவருக்குரிய சொல் அப்போதே உங்கள் நாவில் எழ ஐயன் அருள்புரிவானாக.