கமாண்டர் பழக்கிய நாய்களும் மனிதர்களும்

என் பெரியம்மாவின் கணவரைத் தெருவே கமாண்டர் என்று அழைத்தது. அவர் எந்தப் படையிலும் இருந்தவர் அல்ல. காவலாளிகளை அமர்த்திக்கொடுக்கும் ஒரு கம்பெனியின் நாய்ப் பிரிவில் பயிற்சியாளர். உட்கார், நில், விடு, வா என்ற நாலு சொற்களில் உலகத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பியவர். தண்ணீர் கேன் கொண்டுவருபவரிடமும் "நில்!" என்பார். பல்மருத்துவரிடமே ஒருமுறை "விடு!" என்றிருக்கிறார். அப்படி வந்த பட்டம் அது. கிண்டலுக்கு வைத்தது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் நெஞ்சு ஒரு சுற்று விரியும்.

பல ஊர் சுற்றிவிட்டு வந்து, அடுத்த வேலை கிடைக்கும்வரை நான் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். கம்பெனி கொடுத்த வீடு. சமையலறை ஜன்னலுக்கு வெளியே கம்பிவேலி, அதற்கு அப்பால் நாய்க் கொட்டடிகள். கூடத்துச் சுவரில் கல்யாணப் படத்தைவிடப் பெரிதாக ஒரு சான்றிதழ் தொங்கியது. பெரியப்பா எப்போதோ போய்வந்த ஒரு வாரப் பயிற்சி வகுப்பில் கொடுத்தது. அந்த ஒரு வாரத்தை அவர் முப்பது வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"ரெண்டே விஷயம்தான்மா," என்பார் சாப்பிட உட்கார்ந்ததும். "ஒண்ணு, சத்தத்தையும் சாப்பாட்டையும் சேர்த்தே காட்டணும். கொஞ்ச நாள்ல சாப்பாடே வேண்டாம், சத்தம் கேட்டாலே எச்சில் ஊறும். இன்னொண்ணு, சொன்னதைச் செஞ்சா கொடு, செய்யலைன்னா கொடுக்காதே. நாயானாலும் சரி, மனுஷனானாலும் சரி, இவ்வளவுதான்."

"அப்ப உங்களையும் யாராவது பழக்கலாம்தானே பெரியப்பா?"

"நான் பழக்கறவன்மா," என்றார், நான் ஏதோ சமையலறைக் குழாயையும் கடலையும் ஒப்பிட்டுவிட்ட மாதிரி.

அவர் சொன்ன பாடத்தில் தவறில்லை. நாய்கள் அப்படித்தான் கற்கின்றன. நாமும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எதிரில் இருப்பவர் உண்மையில் எதைக் கற்றுக்கொண்டார் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. தான் எதைச் சொல்லிக்கொடுக்க நினைத்தாரோ அதையே உலகம் கற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்.

பெரியம்மாவைப் பழக்கிய கதையை அவரே பெருமையாகச் சொல்வார். சாப்பாடு பிடித்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டால் தட்டைத் தள்ளி வைப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். "சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. எப்படிச் சமைக்கிறா பாரு!" பெரியம்மா கற்றுக்கொண்டது வேறு. அவர் "ம்" சொன்ன நாலைந்து வகைகளைத் தவிர அந்த வீட்டில் எதையும் சமைப்பதில்லை. புதிதாக ஏதாவது செய்ய ஆசை வந்தால், அவர் வெளியூர் போகும் நாளுக்காகக் காத்திருப்பாள்.

அவர்களுடைய மகள் கற்ற பாடம் இன்னும் துல்லியமானது. கேட்டதும் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது அவர் கொள்கை. இரண்டு முறை மறுப்பார். மூன்றாம் முறை, போனால் போகிறது என்று கொடுப்பார்.

"அதான் முதல் ரெண்டு தடவை நான் சும்மா கேட்டு வைப்பேன்கா," என்றாள் அவள் என்னிடம். "செருப்பு வேணும்னா திங்கட்கிழமையே ஆரம்பிச்சா வியாழக்கிழமை கால்ல இருக்கும். அழுதா ஒருநாள் முன்னாடியே வந்துடும். ஆனா அழுதா கண் வீங்குதே, அதான் யோசிக்கிறேன்."

வீட்டுக்கு அடிக்கடி வரும் இன்னொருவர் திருடன். உண்மையில் கம்பெனிக் காவலாளிதான், பரம சாது. பயிற்சியின்போது திருடனாக நடிப்பது அவர் வேலை. கனத்த சாக்குத்துணியில் பஞ்சு அடைத்துத் தைத்த ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்தில் ஓடுவார். நாய் பாய்ந்து சட்டையின் கையைக் கவ்வும். பெரியப்பா "விடு!" என்பார். நாய் விட்டுவிட்டு உட்காரும். பெரியப்பாவின் இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டு ஈரல் வரும். தின்று முடித்ததும் மறுபடி பாய்ச்சல், மறுபடி "விடு", மறுபடி ஈரல். வருஷக்கணக்காக இதே நாடகம், இதே சட்டை.

"ஏங்க, திருடன் வந்திருக்கார்," என்று பெரியம்மா உள்ளே குரல் கொடுப்பாள். "உள்ள வாங்க திருடன், டீ குடிக்கிறீங்களா?"

"சர்க்கரை கம்மியா போடுங்க அக்கா," என்பார் திருடன்.

அந்த வருஷம் கம்பெனிக்குப் புது மேலாளர் வந்தார். நாய்ப் பிரிவு தேவைதானா, தேவையென்றால் அதன் தலைமையைப் பெரியப்பாவிடம் கொடுக்கலாமா என்று அவரே நேரில் பார்த்து முடிவு செய்யப்போவதாகச் சொல்லி அனுப்பினார். பெரியப்பா கலங்கவில்லை. பிரிவின் தலைமைப் பதவி தனக்கு வந்துவிட்டதாகவே தெருவெல்லாம் சொல்லிவைத்தார். இஸ்திரிக் கடைக்காரர்கூட இரண்டு முறை வாழ்த்திவிட்டார். ஆனாலும் அந்த வாரம் அவர் சோதனைக்கென்று தேர்ந்தெடுத்த ஒரு கறுப்பு நாயோடு பொழுதெல்லாம் மைதானத்தில் கிடந்தார். நாய்கள் கையைவிட்டுப் போனால் அவரிடம் மிஞ்சுவது அந்த நாலு சொற்கள்தான் என்று அவருக்கும் எங்கோ தெரிந்திருக்க வேண்டும்.

சோதனை நாளன்று நாங்களும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். மேலாளர் ஒல்லியாக, அவசரமில்லாமல் வந்தார். திருடன் வழக்கம்போலச் சாக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"இது எதுக்கு?" என்றார் மேலாளர்.

"கடி படாம இருக்க சார்."

"நிஜத் திருடன் இதைப் போட்டுக்கிட்டா வருவான்? கழட்டச் சொல்லுங்க. நாய் வாயில கூடு மாட்டிடுங்க, கடி படாது. பிடிக்குதான்னு மட்டும் பார்க்கலாம்."

"தாராளமா சார்," என்றார் பெரியப்பா. "கண்ணைக் கட்டிவிட்டாலும் என் நாய் திருடனைக் கண்டுபிடிக்கும்."

திருடன் சட்டையைக் கழற்றினார். அவர் முகத்தில் பயம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு நிம்மதிதான் தெரிந்தது. பெரியப்பா சட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு மேலாளர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். சாதாரணச் சட்டையில் திருடன் மைதானத்தின் குறுக்கே ஓடினார். எதிர்க்கோடியில் ஒரு காவலாளி, வாய்க்கூடு போட்ட கறுப்பு நாயை அவிழ்த்துவிட்டார்.

நாய் புயலாகத்தான் புறப்பட்டது. திருடனை எட்டியது. அவரைச் சுற்றி ஒருமுறை ஓடி முழங்காலை முகர்ந்தது. தெரிந்தவரைச் சந்தையில் பார்த்த மாதிரி வாலை ஆட்டியது. பிறகு தலையைத் தூக்கி மைதானத்தைத் தேடியது. பெரியப்பாவின் தோளில் சாக்குச் சட்டை தெரிந்தது.

அது வந்த வேகத்தில் மேலாளர் ஒதுங்கிக்கொண்டார். பெரியப்பா ஒதுங்கவில்லை. தன்மேல் யாரும் பாயக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்காது. அடுத்த நொடி மல்லாந்து கிடந்தார், நெஞ்சின்மேல் நாய், முகத்தின்மேல் சட்டை.

"விடு! விடு!"

நாய் உடனே விட்டது. பின்னால் நகர்ந்து சமர்த்தாக உட்கார்ந்தது. ஈரல் எங்கே என்று பார்த்தது. ஈரல் பை அவருடைய முதுகுக்கு அடியில் நசுங்கிக்கிடந்தது. ஒன்றும் வராததால், சரியாகச் செய்யவில்லைபோலும் என்று மறுபடி பாய்ந்தது.

"விடு!"

உட்கார்ந்தது. காத்திருந்தது. பாய்ந்தது.

"சொன்னா விடுது," என்றார் மேலாளர், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். "அது நல்லா இருக்கு."

என் பக்கத்தில் மகள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பெரியம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். இல்லை.

சாயங்காலம் திருடன் வீட்டுக்கு வந்தார். பெரியப்பா இடுப்பில் வெந்நீர்ப் பையுடன் சாய்ந்திருந்தார்.

"அந்த நாய் புத்தி சரியில்லாதது," என்றார். "கறுப்பு ஜாதியே அப்படித்தான்."

"இல்லீங்கய்யா," என்றார் திருடன் தயங்கி. "எல்லா நாயும் அப்படித்தான். நான் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினா, ஆணியைப் பார்த்துத்தான் குலைக்கும். என்னைச் சீண்டறதே இல்லை."

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். "உனக்குத் தெரியுமா? எத்தனை நாளா தெரியும்?"

"ரொம்ப நாளா."

"அப்ப ஏன்யா சொல்லலை?"

"கொட்டடி கழுவறவர் ஒருதடவை வந்து, நாய் நொண்டுதுன்னு சொன்னாரே, ஞாபகம் இருக்குங்களா? கவனிக்காம விட்டதுக்கு மாசம் பூரா ரெட்டை வேலை பார்னு அவர் தலைலயே கட்டினீங்க. அதுக்கப்புறம் உங்ககிட்ட யாருங்க என்ன சொல்றாங்க? எனக்கும் நாய் கடிக்காம இருந்தா நல்லதுதானே."

பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். யோசிக்கிறார் என்று நான் நினைத்தது என் தப்பு. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

மறுவாரம் மேலாளர் அவரை அழைத்தார். நாய்கள் இருக்கும், புதுப் பயிற்சியாளர் வருவார், பெரியப்பா கம்பெனி காவல் பார்க்கும் ஒரு கிடங்கின் வாசலில் வண்டிச் சோதனைக்குப் போக வேண்டும் என்பது முடிவு. வீட்டில் நாங்கள் காத்திருந்தோம். அவர் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"தோளைத் தட்டினார்," என்றார். "'உங்க அனுபவம் எங்களுக்கு வாசல்ல வேணும் கமாண்டர்'னு சொன்னார். கமாண்டர்னே கூப்பிட்டார்!"

"நாயெல்லாம்?" என்றாள் பெரியம்மா.

"அதைச் சின்னப் பசங்க பார்த்துக்கட்டும்."

முப்பது வருஷ வேலை ஒரு தட்டலுக்குப் போயிற்று. ஈரல்கூடச் செலவாகவில்லை. புதுப் பயிற்சியாளர் வந்த அன்று கறுப்பு நாய் வேலியோரம் நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்துக் குரைத்தது. பெரியப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமலே கிடங்குக்குக் கிளம்பினார்.

வாசலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. லாரிக்காரர்களைப் பழக்க ஆரம்பித்தார். மரியாதையாக சல்யூட் வைத்தால் வண்டி சீக்கிரம் போகும். முறைத்தால் மூட்டை மூட்டையாக இறக்கிக் காட்ட வேண்டும். சில வாரங்களில் எல்லா ஓட்டுநர்களும் சொக்கத் தங்கமாகிவிட்டார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் விரிவாகச் சொன்னார். "லாரிக்காரனையே வழிக்குக் கொண்டுவந்துட்டேன் பாரு!"

ஒருநாள் அவர் மறந்துவைத்துப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். வாசல் வரிசையில் ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் தன் புது உதவியாளருக்கு வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது.

"அண்ணே, பின்னாடி திறந்து பார்ப்பாங்களா?" என்றார் உதவியாளர்.

"பார்த்துக்கிட்டே இரு," என்றார் ஓட்டுநர். நெற்றியில் விறைப்பாகக் கையை வைத்து, "வணக்கம் கமாண்டர்!" என்றார்.

பெரியப்பாவின் நெஞ்சு விரிந்தது. கை தானாகப் போய் வாசலின் தடுப்புக் கம்பியைத் தூக்கியது. லாரிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தனை நாள் ஆச்சு அண்ணே, இப்படிப் பழக்க?"

"ரெண்டே நாள்," என்றார் ஓட்டுநர், கியரை மாற்றிக்கொண்டு.