போர்க்கப்பல் நிற்கப் போகும் இடம்

போன செவ்வாய்க்கிழமை என் மருமகன் முனியனின் தோணியை யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வாரா வாரம் என் எறால் கதையைப் படித்துச் சலித்திருப்பீர்கள். இந்த வாரம் யுத்தம். எங்கே நடக்கிறது என்கிறீர்களா? அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

சீமையிலிருந்து நம் பழவேற்காட்டு டச்சுக்கார ஒல்லாந்தர் கோட்டைக்கு ஒரு கடுதாசி வந்தது. இங்கிலீஷ்காரரோடு சண்டை, தயாராக இருக்கவும் என்று. அது கப்பலேறி வந்து சேரவே எட்டு மாதம். அதற்குள் அங்கே சமாதானமாகி, இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் சம்பந்தமே பேசி முடித்திருக்கலாம்... ஆனாலும் கடுதாசி கடுதாசிதானே?

தயாராக இருப்பது சும்மாவா? வெடிமருந்து அரைப்பதே நம் கோட்டையில்தான். அரைத்ததை எல்லாம் வெளியூர்க் கோட்டைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே மிச்சம் வாசனை மட்டும்! பீரங்கி கேட்டுத் தரங்கம்பாடி டேனிஷ்காரருக்கு ஆள் அனுப்பினார் கோட்டைத் துரை. எங்களிடம் இருந்ததே நீங்கள் கொடுத்ததுதான், அதுவும் வெடித்துப் போயிற்று என்று பதில். போர்ச்சுகீசியப் பறங்கியரிடம் கேட்கப் போன ஆள், அவர்கள் நம்மிடம் கேட்க அனுப்பிய ஆளை வழியில் பார்த்திருக்கிறான். இரண்டு பேரும் வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பதற்குத்தான் நட்பு நாடுகள் என்று பெயர் போலிருக்கிறது.

மதில் வடக்குப் பக்கம் ஆடு ஏறி இறங்குகிற மாதிரி சரிந்து கிடக்கிறது. அதைக் கட்டக் காசில்லை. போன கப்பலில்தான் துரைக்குக் கல்லறைக் கல் வந்தது — மண்டையோடு செதுக்கி, பேர் பொறித்து, செத்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு. கோட்டையில் முழுசாகத் தயாராக இருக்கிற சாமான் அது ஒன்றுதான்.

ஆக, செலவில்லாத பாதுகாப்பு எது? நம் தோணிகள். பதினாறு தோணியிலும் மணலை நிரப்பி ஏரியில் வரிசையாக முழுக்கிவிட்டால், எதிரியின் போர்க்கப்பல் உள்ளே வராதாம்.

செவ்வாயன்றே மணல் ஏற்றியாயிற்று. மறுநாள் காலை கரையில் கூட்டம். துரை பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு துபாஷ்.

"தோணிய முழுக்கிட்டு நாங்க இன்னாத்த துன்றது?" என்றான் முனியன்.

"எல்லாம் நாட்டுக்காகத்தாம்பா."

"எந்த நாட்டுக்கு?"

துபாஷ் அதை மொழிபெயர்க்கவில்லை.

அந்தத் தோணி போனால் என் மகள் வீட்டில் உலை ஏறாது. இதைச் சொல்லத்தான் நானும் போனேன். ஆனால் நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. வேறென்ன செய்ய? எறால் தடவுகிற நேரம் வேறு. பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன். இரண்டு கையும் சேற்றில், பறி வாயில். யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள், அது ஒரு வசதி.

பின்னால் துரை முழங்கிக்கொண்டிருந்தார். துபாஷும் கூடவே கத்தினார். "அதோ, அந்த எடம்! மூணடுக்குக் கப்பலு, சரியா அங்கதான் வந்து நிக்கும்!"

சட்டென்று சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். துரை கைத்தடியை நீட்டிய இடத்தில் நான் இருந்தேன்.

"கெழவிக்குத் தல மட்டுந்தான் தெரியுது. அவ்ளோ ஆழம்!" என்றார் துபாஷ்.

"அது குந்திக்கினு எறால் தடவுது சாமி!" என்று முனியன் கத்தினான். "எய்ந்து நில்லு அத்தே!"

எழுந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. தார்ப்பாய்ச்சிய சேலை, சேறு வழிகிற கை, வாயில் பறி... மூன்றடுக்குப் போர்க்கப்பல் நிற்க வேண்டிய இடத்தில் நான்! கரையே சிரித்தது. மறுபடி உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது.

துரை தன் வரைபடத்தைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"தொரை கேக்கறாரு," என்றார் துபாஷ். "இந்த ஆழம் இங்கிலீஷ்காரனுக்குத் தெரியுமா?"

பறியை வாயிலிருந்து எடுத்தேன். பொய் சொல்லவும் தைரியம் வேண்டுமே, அது எனக்கு ஏது! "தெரியும் சாமி. போன மாசம் அவங்க தொரையும் வந்தாரு. என்னியத்தான் நிக்க வெச்சுப் பாத்தாரு."

எதிரிக்கு ஏரியைக் காட்டிக் கொடுத்தவளை என்ன செய்வார்கள்? எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"பாத்துட்டு இன்னா சொன்னாராம்?"

"இதுல சண்டை போட முடியாதுன்னாரு. ரெண்டு பறி எறால் வாங்கினு போய்ட்டாரு."

துரை தடியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். ஆழமில்லை என்று எதிரிக்கே தெரிந்த பிறகு எதை முழுக்கி என்ன? மணலைக் கொட்டிவிட்டுத் தோணிகளை விட்டுவிடச் சொன்னார். முனியன் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் நழுவப் பார்த்தேன்.

"நில்லும்மா," என்றார் துபாஷ். "தொரைக்கு மூணு பறி எறால் வோணுமாம்."

"ஒண்டி ஆளுக்கு மூணு எதுக்கு சாமி?"

"எதிரிய விட ஒண்ணாச்சும் கூட இருக்கணுமாம்."

சேதி இந்நேரம் சென்னப்பட்டணத்து இங்கிலீஷ்காரருக்குப் போயிருக்கும். அவர்கள் நாலு கேட்பார்கள் என்று முனியன் இப்போதே வலையை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.