ஆமோஸ் சொன்ன தண்ணீர் எந்த மடையில் பாயுது?

பிள்ளைகளா, நீங்கள் தொண்டியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் நடந்ததைப் போனில் சொல்லிப் பார்த்தேன். இருந்த சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் ஆற அமர எழுதுகிறேன். ஆற அமர என்கிறேனே தவிர, இப்போதும் கை பரபரக்கிறது.

போதகர் வராத வாரம் அது. பத்தாவது வரை படித்த உங்கள் அய்யா நான்தான் ஆராதனை நடத்த வேண்டும். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, பாட்டுப் பழகுகிறோம், புது டிரம் வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஆமோஸ் தீர்க்கதரிசியைப் பற்றிப் பேச எடுத்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். ஏழையை மிதித்துவிட்டுப் பண்டிகை கொண்டாடிய ஜனத்திடம் போய், உங்கள் பாட்டுச் சத்தம் கடவுளுக்கு வேண்டாம், நியாயம் தண்ணீர் மாதிரி ஓட வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

அந்தக் காலத்து இஸ்ரவேலர் எவ்வளவு மோசம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வேப்ப மரத்தடியில் கடைமடை அக்கா நின்றுகொண்டிருந்தார். கண்மாயிலிருந்து வரும் வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. அதனால் ஊரில் அவருக்கு அந்தப் பெயர். நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. அந்த ஒரு வயலை நம்பித்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. நெல் பொதி கட்டி, கதிர் வெளிவரும் தறுவாயில் நின்றது. இன்னொரு தண்ணீர் பாய்ந்தால் கதிர், பாயாவிட்டால் வைக்கோல். வாய்க்காலின் முதல் வயல் உங்கள் பெரியப்பாவுடையது. இனி மழை வருமோ வராதோ என்று அவர் வாய்க்காலில் மணல் மூட்டை அடுக்கி, தன் வயலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார். மூட்டையை எடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் அக்கா, ஆராதனை முடியட்டும் என்று காத்திருந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் பெரியம்மா எழுந்தார். "கொழுந்தனாரே, ஒரு சந்தேகம்."

"என்ன மதினி?"

"அவரு சொல்ற தண்ணி எந்த மடையில பாயுது?"

சபையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "அது கம்மாத் தண்ணி இல்ல மதினி. நியாயத்தத்தான் தண்ணின்னு சொல்றாரு."

"அப்படியா? நான் நம்ம வாய்க்காத் தண்ணின்னுல்ல நெனச்சேன்." உட்காரப் போனவர் உட்காரவில்லை. "சரி, எதுவா இருந்தாலும் ஓடணும்னுதான சொல்றாரு. நம்ம வயல்ல நிக்கிதே."

பெரியப்பா முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏலே, நீ மேல வாசி" என்றார்.

கண் வரியில் நிற்கவில்லை. இத்தனை வருடம் வாசித்த வார்த்தை புதிதாகத் தெரிந்தது. ஓடுவது ஒன்று, நிற்பது ஒன்று. ஆமோஸ் சும்மா தண்ணீர் என்று சொல்லவில்லை, ஓடுகிற தண்ணீர் என்றார்.

"மழ பேயாமப் போனா யாரு பதில் சொல்றது?" என்று பெரியப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"பேஞ்சா பேயிது. இப்ப அந்தத் தண்ணியில தவளதான் ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டு இருக்கு" என்றார் பெரியம்மா. "மரத்தடியில ஒரு பொம்பள நிக்கிது. என்னன்னு கேளுங்க."

பெரியப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "முடிச்சிட்டு வாரேன்னு அதுகிட்ட சொல்லுங்கப்பா" என்றார்.

கடைசி ஜெபம் முடிந்ததும் சபை முழுவதும் வெள்ளை வேட்டியும் நல்ல சேலையுமாக வாய்க்காலுக்கு நடந்தது. யாரோ டிரம்மையும் தூக்கினார்கள். "கொட்டு வேணாம்ல. அவருக்குத்தான் சத்தம் பிடிக்கலையே" என்றார் பெரியப்பா. மூட்டையை அவரே இறங்கி இழுத்தார். தண்ணீர் ஒரு நிமிடம் யோசித்த மாதிரி நின்று, பிறகு செத்தையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு கிளம்பியது. அக்கா அதற்கு முன்னால் வரப்பில் ஓடினார், தன் மடையை வெட்டிவிட.

பிள்ளைகளா, நாம் கிறிஸ்தவர்கள் தீர்க்கதரிசிகளை வாசிக்கும்போது, அவர்கள் வேறு யாரையோ கண்டிக்கிறார்கள் என்று நிம்மதியாக வாசிக்கிறோம். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவோ நம் ஊர் வாய்க்காலைப் பற்றிய பேச்சு என்று தப்பாக எடுத்துக்கொண்டார். அந்தத் தப்பு அவரைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. நீங்களும் அப்படித் தப்பாக வாசியுங்கள். கிறிஸ்துமஸ் பாட்டை நன்றாகப் பாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடுவதற்கு முன், மரத்தடியில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

சாயங்காலம் தனியாக வயல் பக்கம் போனேன். கடைமடைக்குத் தண்ணீர் போயிருந்தது, ஆனால் நூலாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இருக்கிற நம் வயலின் மடை திறந்து கிடந்தது. அன்று தண்ணீர் பாய்ச்ச நம் முறைதான். மண்வெட்டி கொண்டுபோகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, கையாலேயே சேற்றை அள்ளி நம் மடையை அடைத்தேன்.